சத்தம் வராமல் சந்தேகம் கேட்பது எப்படி

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் புதுமையான முறையில் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுக்க இந்தியா போகிறேன் என்றதும், மா அரித்துக்கொண்டிருந்த என் மனைவி அரிதட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்கட வகுப்பில பெடியள் நித்திரை கொள்ளுறது அவைக்குத் தெரியுமோ?"

தெரியாததால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். யாழ்ப்பாணத்தில் தலை நரைக்கும்வரை கல்வியியல் கற்பித்தவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான். கடலைத் தாண்டினால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் போய் இறங்கினேன்.

என்னைக் கூட்டிப்போகக் காரோடு வந்திருந்தவர் பெயர் மணி. முன்பு ரிக் வண்டியில் வேலை பார்த்தவராம். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தை முதுகில் சுமந்துபோகும் பெரிய லாரி. ஆட்டையாம்பட்டியை நெருங்கும்போது எங்கள் காரின் பின்சக்கரம் காற்றுப்போய்ப் படுத்துவிட்டது. மணி முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"நல்ல எடத்துலதான் பஞ்சர் ஆயிருக்குதுங்க சார். இந்த ஊரு முறுக்கு நெம்ப நல்லா இருக்கும். நெழல்ல நில்லுங்க, வாங்கிட்டு வாரேன்."

முறுக்கு வந்தது. மாற்றுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. முறுக்கு நன்றாக இருந்ததால் நானும் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். அந்த நேரம் எதிரில் வந்த ரிக் லாரியை மணி கைகாட்டி நிறுத்தினார். பழைய கூட்டாளிகள். ஐந்து நிமிடம் குசலம் விசாரித்தார்கள். பிறகு என் பெட்டியையும் என்னையும் அந்த லாரியின் முன்னால் ஏற்றிவிட்டார்கள். லாரியைத் திருப்புவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது.

லாரிக்காரர் என்னிடம் எங்கள் ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப்பார்த்தால் முகம் தெரியும் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. "இங்க எட்டிப் பாத்தா இருட்டுத்தானுங்க தெரியும்," என்றார். ஆயிரம் அடியெல்லாம் அவருக்குச் சாதாரணம். சுண்ணாம்புக்கல் ஊரில் பிறந்த எனக்கு அந்த ஆழத்தை மனத்தில் பிடிக்க முடியவில்லை.

பல்கலைக்கழக வாசலில் பூங்கொத்தோடு நின்ற வரவேற்புக் குழு, லாரி உள்ளே வந்ததும் கலைந்து ஓடியது. அதிலிருந்து பயிற்சியாளர் இறங்குவார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. "புதுமையாத்தாங்க வந்திருக்கீங்க," என்று சிரித்தபடி ஒருவர் பூங்கொத்தை நீட்டினார். அவர்தான் இந்த நிறுவனத்தின் தலைவர். பெயர் அட்டையில் வேந்தர் என்று இருந்தது. கல்லூரியாக இருந்த காலத்துப் பழக்கத்தில் எல்லோரும் சேர்மன் என்றே கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கோழிப்பண்ணைகளின் சொந்தக்காரர்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைக் கண்காணித்தார். சந்தகை வந்தது. வாய்தவறி, "எங்கட இடியப்பம் மாதிரி," என்று சொல்லிவிட்டேன். மேசையில் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"அது வேறங்க, இது வேறங்க," என்றார் சேர்மன் பொறுமையாக. "அது மாவப் புழிஞ்சு வேக வெக்கறது. இது வேக வெச்சுப் புழியறது."

பிழையை ஏற்றுக்கொண்டேன். தண்டனையாக இரண்டு அவித்த முட்டைகளை என் தட்டில் வைத்தார்கள். அன்று தொடங்கிய முட்டை, கிளம்பும்வரை ஒரு வேளைகூட என்னை விட்டுப் பிரியவில்லை.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. மண்டபம் நிறைய ஆசிரியர்கள். எல்லோர் கையிலும் பேனா. ஆசிரியர் வாயை மூடிக்கொள்வதுதான் புதுமையின் முதல் படி என்பது என் கட்சி. அதை விளக்க ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினேன். தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியைக் காட்டி, "இது ஒரு நாளில எத்தனை தரம் சுத்தும்? எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். நடுவில் எனக்கு இருமல் வந்தது. மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினேன். யாரோ ஒருவர் கேள்வி கேட்க, "ஓம், நல்ல கேள்வி!" என்றேன்.

குழுக்களாகப் பிரிந்து பேசச் சொன்னதும் மண்டபம் சூடு பிடித்தது. வேகத்தைக் குறைத்து எண்ணலாம் என்றது ஒரு குழு. இறக்கையில் நூல் கட்டலாம் என்றது இன்னொன்று. நூல் கட்டுவதற்கு ஒருவர் விசிறியை நிறுத்திவிட்டு நாற்காலிமேல் ஏறிய நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் கைபேசி அடித்தது. அவர் பதறி எழுந்தார்.

"இல்லீங்க... ட்ரெய்னிங்குங்க... சரிங்க, கொறச்சுக்கறோமுங்க."

யாரும் எதுவும் சொல்லாமலே மண்டபம் அடங்கிவிட்டது. நாற்காலிமேல் இருந்தவர் நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் விளக்கினார். பெயர் கோகிலா. புள்ளியியல் ஆசிரியை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போடும் குடும்பம். ஒவ்வொரு வகுப்பறையிலும் கேமராவும் மைக்கும் இருக்கின்றன. சத்தம் கேட்டால் அலுவலகத்திலிருந்து வகுப்பு எடுப்பவருக்கு உடனே அழைப்பு வரும். சத்தம் வந்தால் ஆசிரியருக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று அர்த்தம்.

"இன்னைக்கு நீங்கதானுங்க சார் கிளாஸ் எடுத்தீங்க. உங்க நம்பர் அவங்ககிட்ட இல்ல. அதான் எனக்கு வந்துருச்சு. எப்பவும் எனக்குத்தான் வரும்."

அவர் வகுப்பில்தான் சத்தம் அதிகமாம். கேள்வி கேட்டுப் பாடம் நடத்துவது அவர் பழக்கம். அதனால் ஜூனிலிருந்து அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, கேன்வாசிங் வேலையில் போடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கேன்வாசிங் என்றால் ஊர் ஊராகப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் உட்கார்ந்து, எங்கள் பல்கலைக்கழகத்தில் சேருங்கள் என்று கேட்பது. கோடையில் எல்லா ஆசிரியர்களும் போவார்கள். கோகிலா மட்டும் வருடம் முழுவதும் போக வேண்டியிருக்கும். வியாழக்கிழமை சேர்மன் முன்னிலையில் அவர் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கிறார். அதைப் பார்த்துத்தான் முடிவு.

"பாடம் நடத்தாம சம்பளம் வாங்கறதுக்கு, எங்க தோட்டத்துலயே மஞ்ச வெட்டலாமுங்க சார்," என்றார். சொல்லும்போது சிரித்தார்தான். ஆனால் கையிலிருந்த தேநீரை அவர் குடிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பங்கேற்பாளர்கள் தங்கள் சொந்தப் பாடத்தில் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். முதலில் வந்தவர் முத்துசாமி. இயற்பியல். மல்லசமுத்திரத்துக்காரர், நல்ல ஆகிருதி. மேடையேறி மின்விசிறியைக் காட்டினார். "இது ஒரு நாளில எத்தனை தரம் சுத்தும்?" சும்மா நின்றார். பிறகு இருமினார். பாவம், இவருக்கும் தொண்டை சரியில்லை என்று நினைத்தேன். அடுத்ததாகச் சட்டைப்பையைத் தடவி, பக்கத்து ஆசிரியரிடம் இரவல் வாங்கி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒருவரும் எதுவும் கேட்காதபோதே முகம் மலர்ந்து, "ஓம், நல்ல கேள்வி!" என்றார்.

அடுத்து வந்த வணிகவியல் ஆசிரியரும் மின்விசிறியைக் காட்டினார். மூன்றாமவர் இருமத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ! நான் இருமினது பாடமில்லை!"

பின்வரிசையில் ஒருவர் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

முத்துசாமிக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. "சார், நாங்கெல்லாம் இந்தப் பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சவங்க. விடியக்காத்தால எழுப்பி உட்டு ஒப்பிக்கச் சொல்லுவாங்க. புஸ்தகத்துல அச்சுப்பிழை இருந்தா, அந்தப் பிழையோடவே ஒப்பிப்போம். எதுக்கு மார்க்குன்னு நமக்கென்னங்க தெரியும்? இருமலுக்கும் இருந்தா?"

கோகிலா எழுந்து, தான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒரு பக்கத்தை, படத்துக்குக் கீழே இருந்த எழுத்துவரை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினார். மண்டபம் கை தட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் டியூட்டரி என்னும் டியூஷன் நிலையங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே வாத்தியார் சிரிக்கச் சொல்லும் பகிடியைக்கூடப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வதுண்டு. கோபத்தை விட்டுவிட்டு, இனி மின்விசிறியைப் பார்க்கக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டேன்.

புதன்கிழமை அரை நாள். முத்துசாமி என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். "நம்மூட்டுக்கு வராமப் போகக்கூடாதுங்க சார்." மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சோளக்காடு, மரவள்ளித் தோட்டம், நீளநீளமான கோழிக்கொட்டகை, மறுபடி சோளக்காடு. வழியில் பெட்ரோல் தீர்ந்தது. உச்சி வெயிலில் இருவரும் வண்டியைத் தள்ளினோம். வழியில் சந்தித்த அத்தனை பேரும், "ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டார்கள். முத்துசாமி ஒவ்வொருவருக்கும் நின்று, முதலிலிருந்து விவரமாகப் பதில் சொன்னார். பெட்ரோல் மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரும் சொந்தக்காரர்கள், அவர்களிடம் அதைப் போய்க் கேட்பதா என்றார்.

வீட்டில் தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் போட்டு வறுத்த கோழி காத்திருந்தது. எங்கள் வீட்டில் தூளைக் கொட்டிக் குழம்பு வைப்போம். இங்கே மிளகாயை முழுசாகக் கிள்ளிப் போட்டிருந்தார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். முத்துசாமியின் மனைவி, "இன்னொரு முட்ட வெக்கட்டுங்களா?" என்று கேட்டபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

வாசலில் அவர்களுடைய மகள் நிவேதா, அங்குமிங்கும் நடந்தபடி எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அதே பல்கலைக்கழகத்தில், கோகிலாவின் வகுப்பில் படிக்கிறவள். காதைத் தீட்டிக் கேட்டேன்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். பானை பெரியதானால்... மேடம், எனக்கு ஒரு சந்தேகம். பானை பெரியதானால்..."

"என்ன பிள்ளை பாடமாக்கிறீர்?"

"நாளைக்கு டெமோ கிளாஸுங்க சார். ரெண்டாவது சந்தேகம் என்னோடதுங்க."

"சந்தேகத்தையும் ஆரும் பாடமாக்குவினமோ?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நடுவுல நெசமாவே ஏதாச்சும் சந்தேகம் வந்துட்டா, இது மறந்துருமுங்க சார்."

உள்ளேயிருந்து முத்துசாமி பெருமையோடு எட்டிப்பார்த்தார். "நல்லாச் சொல்றாளுங்களா?"

நன்றாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை வருத்தியது. மூன்று நாள் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் இதற்குத்தானா என்று எரிச்சலாக இருந்தது.

வியாழன் காலை, வகுப்புக்கு முன்னால் கோகிலாவை நடைபாதையில் பிடித்தேன். ஒத்திகை பார்த்தது தெரியும் என்றேன். அவர் மறுக்கவில்லை.

"சத்தம் வரக்கூடாதுன்னு ஆபீஸ் சொல்லுது. கேள்வி வரோணும்னு நீங்க சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா நடக்கோணும்னா, ஒத்திகை பாத்தாத்தானுங்க சார் ஆகும். வேற வழி இருந்தாச் சொல்லுங்க, இப்பவே மாத்திக்கறேன்."

எனக்கு மறுநாள் ஊருக்குப் போக விமானம் இருந்தது. அவருக்கு ஜூன் இருந்தது. ஒரு வார விருந்தாளி உபதேசம் செய்வது சுலபம். பேசாமல் போய்ப் பின்வரிசையில் சேர்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோகிலா பலகையில், 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று எழுதினார். இது உண்மையா, எப்போது உண்மை என்று கேட்டார். மாதிரி எடுத்துச் சோதிப்பதைப் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் நானே யோசித்திருக்க மாட்டேன். உடனே ஒரு பையன் எழுந்து, "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சோறு மேலே இருந்ததா, அடியில் இருந்ததா?" என்று எழுத்துத் தமிழில் கேட்டான். பதில் வந்தது. நிவேதா எழுந்து தன் பெரிய பானையைக் கேட்டாள். பதில் வந்தது. மூன்றாவது சந்தேகமும் நேரத்துக்கு வந்து போனது. மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

சேர்மனுக்கு முகமெல்லாம் திருப்தி. "இதுதானுங்க கிளாஸ்," என்று என் காதில் சொல்லிவிட்டு எழுந்தார். கோகிலா தப்பித்துவிட்டார் என்று எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கசப்பாகவும் இருந்தது. வாசல்வரை போன சேர்மன் நின்று திரும்பினார்.

"அம்மிணி, எனக்கும் ஒரு சந்தேகம்."

கோகிலா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். இது ஒத்திகையில் இல்லாத சந்தேகம்.

"போன மாசம் ஒரு லோடு முட்ட அனுப்புனேன். வாங்கறவன் ஒரே ஒரு அட்டைய எடுத்து ஒடச்சுப் பாத்துட்டு, கெட்டுப்போச்சுன்னு லோடையே திருப்பி உட்டுட்டான். அது நாயமுங்களா? ஒரு லோடுல எத்தன முட்டைய ஒடச்சுப் பாத்தா, லோடு நல்லதுன்னு தகிரியமாச் சொல்லலாம்?"

கோகிலா கையிலிருந்த தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, பதில் சொல்லாமல், வகுப்பைப் பார்த்துச் சும்மா நின்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பின்பெஞ்சில் ஒருவன், "மேல் அட்டையில எடுத்தானுங்களா, அடி அட்டையிலயா?" என்றான். இப்போது அது எழுத்துத் தமிழில் இல்லை. கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுபவரின் மகன் ஒருவன் எழுந்து, லாரியின் பின்பக்கத்து அட்டைகள்தான் அதிகம் அடி வாங்கும், அங்கே எடுத்தால் எந்த லோடும் தேறாது என்றான். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றது என்று ஒருத்தி கேட்டாள். உடைக்காமல் டார்ச் அடித்துப் பார்க்கலாமே என்றாள் நிவேதா. லோடு இறக்குகிற அவசரத்தில் யார் டார்ச் அடிப்பார்கள் என்று சேர்மன் குரலை உயர்த்தினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு சந்தைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

கோகிலாவின் கைபேசி அடித்தது. வகுப்பு அப்படியே உறைந்தது. சேர்மன் கையை நீட்டி அதை வாங்கினார்.

"நாந்தான் உள்ள இருக்கறேன். சத்தமும் நாந்தான் போடறேன். வைங்க."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க அம்மிணி. எத்தன முட்ட?" என்றார்.

"அதுக்கு மொதல்ல நீங்க ஒண்ணு சொல்லோணுங்க சார். சோதிச்சு, நல்லதுன்னு நம்பி அனுப்பற லோடுல, நூத்துக்கு எத்தன லோடு கெட்டதாப் போனாத் தாங்குவீங்க?"

"ஒண்ணுகூடத் தாங்க மாட்டேன்."

"அப்படீன்னா எல்லா முட்டையையும் ஒடைக்கோணுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அடுத்த நொடியே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்து நின்றது. சேர்மன் சிரிக்கவில்லை. கோகிலாவை ஒரு தடவை பார்த்தார், பலகையை ஒரு தடவை பார்த்தார். "சரி," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மாலை வழியனுப்பு விருந்துக்கு அவர் வரவில்லை. முத்துசாமி என்னென்னவோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். கோகிலா தட்டைத் தொடவில்லை. அவரிடம் போய், என் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த வகுப்பு அது என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். சும்மா இருந்த பெண்ணின் பிழைப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மண்ணைப் போட்டுவிட்டுப் போகிறேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

வெள்ளி காலை, நான் ஊருக்குக் கிளம்பக் காரில் உட்கார்ந்ததும் முத்துசாமி ஒரு அட்டை முட்டையை என் மடியில் வைத்து, விமானத்தில் கொண்டுபோங்கள் என்றார். அதை எப்படி மறுப்பதென்று நான் திணறும்போதே சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்.

"கேன்வாசிங்குக்குக் கோகிலா வேண்டாம்னு சேர்மன் ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாருங்க."

"ஏனாம்?"

"அவிங்களுக்குக் கிளாஸ் இருக்குதாமா. அவ்வளவுதான் சொன்னாருங்க."

முட்டையை அவரிடமே கொடுத்துவிட்டுக் கோகிலாவின் வகுப்புக்கு ஓடினேன். மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில், இரண்டு பையன்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு சேர்மன் உட்கார்ந்திருந்தார். நிவேதா எழுந்து நின்று ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பாதியில் இருக்கும்போதே அவர் குறுக்கே புகுந்தார்.

"நூத்துக்கு அஞ்சு லோடு போனாத் தாங்கிக்கறேன். இப்பச் சொல்லுங்க, எத்தன முட்ட?"

பலகையில் எழுதிக்கொண்டிருந்த கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை.

"நிவேதா பேசிட்டிருக்கறாங்க சார். கையத் தூக்குங்க. கூப்பிட்டதுக்கப்பறம் பேசுங்க."

சேர்மன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கினார். நிவேதா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கோகிலா அவசரப்படாமல் அவள் சொல்வது முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை சேர்மன் கையைக் கீழே போடவில்லை.